இசைக்கு மொழியில்லை என்னும் சோம்பல்

'இசைக்கு மொழியில்லை' என்பது நம் காலத்தின் மிக மலிவான பொன்மொழி. திரைப்பாடல் ஒன்று தெலுங்கிலோ சிங்களத்திலோ பிறந்து தமிழுக்கு வந்து ஊரெல்லாம் ஒலிக்கும்போது இத்தொடர் தவறாமல் உதிர்க்கப்படுகிறது. தொலைக்காட்சி நடுவர்கள் சொல்கின்றனர், இசையமைப்பாளர்கள் சொல்கின்றனர். வேறு எதற்கும் உடன்படாத இலக்கியவாதிகளும் இதற்கு மட்டும் தலையாட்டுகின்றனர். கேட்பதற்குப் பரந்த மனத்தின் கூற்றுப்போல் தோன்றும் இத்தொடரின் உள்ளே இருப்பது சோம்பல் மட்டுமே என்பது நம் கட்சி. இத்தொடரால் இழைக்கப்படும் ஓர் அநீதியையும் ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ஒரு காதற்பாடல் பல மொழிகளில் பாடப்படும்போது மெட்டு மாறுவதில்லை; பாடகர்கூடச் சில வேளைகளில் மாறுவதில்லை. மாறுவது சொல் ஒன்றே. அச்சொல்லை மாற்றுவதற்கு ஒருவர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார். இசைக்கு மொழியில்லை என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த ஒருவர் இல்லாமற் போகிறார்.

பொதுவாகப் பேசிப் பயனில்லை, சான்றுக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு சனவரி மாதம் விஜயா நிறுவனம் ஒரே கதையை இரு மொழிகளில் படமாக்கி வெளியிட்டது. தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா'. இயக்கியவர் எல். வி. பிரசாத், இசை எஸ். ராஜேஸ்வரராவ். இரண்டிலும் நாயகி சாவித்திரி. நாயகன் தெலுங்கில் என். டி. ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன். வேலையில்லாப் பட்டதாரிகள் இருவர், ஆசிரியப் பணி பெறுவதற்காகக் கணவன் மனைவியாக நடிக்க நேர்கிறது. அவர்கள் நிலவை விளித்து, ஒருவர்மீது ஒருவர் முறையிடும் பாடல் ஒன்று அப்படத்தில் உண்டு. எழுபது ஆண்டுகள் கடந்தும் இரு மொழிகளிலும் அது வாழ்கிறது. இரு மொழிகளிலும் பாடியவர்கள் ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும். ராஜா ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தவர். லீலா பாலக்காட்டுச் சிற்றூரில் பிறந்தவர். தெலுங்கில் எழுதியவர் பிங்களி நாகேந்திரராவ், தமிழில் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ்.

தெலுங்கில் அந்த நிலவின் பெயர் 'சந்தமாமா'. அச்சொல்லில் நிலவு ஆண், முறையில் மாமன். தமிழிலும் நிலவை மாமனாக்கும் வழக்கு இல்லாமல் இல்லை. 'அம்புலிமாமா' நம் எல்லோருக்கும் தெரிந்தவரே. விஜயா நிறுவனத்தாராகிய நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய சிறுவர் இதழுக்குத் தெலுங்கில் 'சந்தமாமா' என்றும் தமிழில் 'அம்புலிமாமா' என்றுமே பெயர். எனவே சந்தமாமாவுக்கு நேரான தமிழ்ச்சொல் எதுவென்று ராமையாதாஸ் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. படமெடுத்த முதலாளியின் இதழின் அட்டையிலேயே அச்சொல் அச்சாகியிருந்தது. இருந்தும் அவர் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. 'வெண்ணிலா' என்றார், விளியில் 'வெண்ணிலாவே' என்றார்.

ஏன்? முதற்காரணம் யாப்பு. 'சந்தமாமா' என்பதை அசை பிரித்தால் சந்-தமா-மா; நேர், நிரை, நேர்; கூவிளங்காய். 'வெண்ணிலாவே' என்பதைப் பிரித்தால் வெண்-ணிலா-வே, அதே நேர், நிரை, நேர், அதே கூவிளங்காய். 'அம்புலிமாமா'வோ அம்-புலி-மா-மா என நான்கசையாகி மெட்டைவிட்டு வெளியே வழியும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிபவை. இசையமைப்பாளர் இழுத்து நிறுத்துவதற்கு வாய்ப்பாக ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் ஓர் உயிரொலி காத்திருக்கும். தமிழ்ச்சொற்களில் மெய்யில் முடிபவை மிகுதி. ன், ள், ம் என்று வாயை மூடிவிடும். இந்த இடர்ப்பாட்டிலிருந்து தப்ப ராமையாதாஸ் கையிலெடுத்த கருவி விளிவேற்றுமை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று தனியியலே வகுத்த அந்த எட்டாம் வேற்றுமை, 1955இல் வடபழனியில் ஒரு மெட்டின் ஈற்றுக்கு உயிர் கொடுத்தது. வகுப்பறையில் விளிமரபு கற்பிக்கும் நாம் இதனை ஒருநாளேனும் மாணவர்க்குச் சொல்லியிருக்க வேண்டாவா?

இரண்டாம் காரணம் இன்னும் ஆழமானது. அம்புலிமாமா தமிழில் சோறூட்டும் தாயின் சொல். அதைக் காதலர் வாயில் வைத்தால் பாடல் இடுப்பில் குழந்தையோடு முற்றத்துக்குப் போய்விடும். தெலுங்கில் சந்தமாமா குழந்தைக்கும் காதலர்க்கும் பொதுவானவர். தமிழில் அவர் குழந்தைக்கே உரியவர். வெண்ணிலா என்றதும் நிலவு தமிழ்ச் செவியில் பெண்ணாகிறது. விளைவு என்ன? தெலுங்கில் அந்த இருவரின் வழக்கு மாமன் முன்னிலைக்குச் செல்கிறது. உறவின் முறையில் மூத்த ஆண் ஒருவர் தீர்ப்பளிக்க வேண்டியவராகிறார். தமிழில் அதே வழக்கு தோழி முன்னிலைக்கு வருகிறது. அகப்பாடல் படித்தவர்க்கு இது புதிதன்று. தலைவன் தலைவியரிடையே ஊடல் தீர்க்கத் தூது செல்வோரை நம் இலக்கணம் 'வாயில்' என்கிறது. தோழியும் வாயில்களுள் ஒருத்தி. இங்கே நிலவு வாயிலாகிவிட்டது. நடிப்பாகத் தொடங்கிய ஊடல் மெய்க்காதலாகும் ஓர் இரவுக்கு மருதத்திணையின் பழைய இலக்கணத்தை ஒரேயொரு சொல்மாற்றத்தால் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் அந்தப் பாடலாசிரியர். மெட்டு ஒரு மாத்திரையும் மாறவில்லை. ஆனால் பாடல் வேறு நிலத்தில் நிற்கிறது. இசைக்கு மொழியில்லை என்போர் இந்த இடத்தில் எதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்?

இப்பாடல் எக்காலத்தில் வந்தது என்பதையும் மறக்கலாகாது. 1952 திசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார்; 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. சென்னை யாருக்கு, திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்ற வழக்கு வீதியில் நடந்தது. ம. பொ. சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் மூண்டது. திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததும், சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனதும் 1960இல்தான். அந்தக் கொதிப்பின் நடுவில், பிரிவினை முடிந்து பதினைந்து திங்களில், ஒரே படப்பிடிப்புக் கூடத்திலிருந்து ஒரே நிலவு இரு மொழிகளில் எழுந்தது. தெலுங்கர் தமிழ்ச்சொல்லைச் சகித்துக்கொள்ளும்படியோ, தமிழர் தெலுங்கை விழுங்கிக்கொள்ளும்படியோ அங்கே கேட்கப்படவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கவிஞர், ஒரு நாயகன், தனியாக ஒரு படம் என அமைந்திருந்தது. அண்டை வீட்டாரிடையே மரியாதை நிலைத்திருப்பது இத்தகைய ஏற்பாட்டால்தான். மொழியை அழித்துவிட்டு நல்லுறவு வளர்க்கலாம் என்பது கனவு. மொழிக்கு உரிய இடத்தைக் கொடுத்து வளர்த்த நல்லுறவுக்கு 1955 சான்று.

இங்கே இருவகை மறுப்புகள் எழும். முதல் மறுப்பு நம் இலக்கிய நண்பர்களுடையது: 'மெட்டுக்கு எழுதுவது கவிதையன்று; அதிலும் பிறமொழி மெட்டுக்கு எழுதுவது கூலிவேலை.' இவர்களை நாம் கேட்கிறோம். காவடிச்சிந்தின் மெட்டைக் கழித்துவிட்டு அண்ணாமலை ரெட்டியாரை எப்படிப் படிப்பீர்கள்? வண்ணத்தைக் கழித்துவிட்டு அருணகிரிநாதரை எங்கே வைப்பீர்கள்? கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தில் மெட்டு முந்தியதா, சொல் முந்தியதா என்று பார்த்தா கண்ணீர் விட்டனர் கேட்டவர்கள்? பழைய இசைநாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் தலையில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று குறித்துவிட்டே சொல்லைத் தொடங்கியிருப்பர். பிறர் மெட்டில் தன் சொல்லை ஏற்றுவது தமிழில் தாழ்ந்த தொழிலாக இருந்ததில்லை.

கவிஞர் என்று இந்நண்பர்களே ஒப்புக்கொள்ளும் கம்பதாசன் என்ன செய்தார்? ராஜ்கபூரின் 'ஆஹ்' 1953இல் 'அவன்' என்ற பெயரில் தமிழாயிற்று. சங்கர் ஜெய்கிஷன் மெட்டுகளுக்குத் தமிழ் எழுதியவர் கம்பதாசன், பாடியவர்கள் ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும். 'முகலே ஆசம்' 1961இல் 'அக்பர்' ஆனபோதும் அவரே எழுதினார். அவருடைய கவிதைத் தொகுதிகளைப் போற்றுவோர் இப்பாடல்களைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. ஏ. கே. ராமானுசன் 1967இல் குறுந்தொகையை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது உலகம் வியந்தது, நாமும் வியக்கிறோம், அவர் வியப்புக்கு உரியவரே. ஆனால் ராமானுசனுக்குப் பொருளைக் காத்தால் போதும். சொல்லின் நீளத்தை அவரே முடிவு செய்யலாம். ராமையாதாசுக்கும் கம்பதாசனுக்கும் பொருள், அசை, மெட்டின் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றையும் காக்க வேண்டியிருந்தது. குரல்மாற்றுப் படமென்றால் நான்காவதாக நடிகரின் உதட்டசைவும் சேரும். அவர் வாய் மூடும் இடத்தில் ப, ம இரண்டில் ஒன்று வந்தாக வேண்டும். நான்கு விலங்குகளோடு நடனமாடியவரைக் கூலி என்றும், விலங்கின்றி நடந்தவரை மேதை என்றும் சொல்வது என்ன நியாயம்? முன்னவர்க்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குங்கள் என்பதே நம் வேண்டுகோள். நாம் வகுப்பில் நடத்தும் இலக்கிய வரலாற்றில் ராமையாதாசுக்கு அந்த ஒரு பத்தியும் இல்லை.

இரண்டாம் மறுப்பு இரசிகர்களுடையது, இதுவே வலுவானது. '1992இல் வந்த ரோஜாவைப் பாருங்கள். அதன் இந்திச் சொற்களை இந்திக்காரரே குறை கூறினர். ஆனாலும் பாடல்கள் வடநாடு முழுவதும் வென்றன. எனவே சொல் முக்கியமில்லை' என்பர். வென்றன என்பது உண்மை. எது வென்றது என்பதுதான் கேள்வி. ரோஜா என்பது தமிழில் நாயகியின் பெயர். அதே வேளையில் அது ஒரு பூ. காதலன் சிறையிலிருந்து அப்பெயரை விளிக்கும்போது ஒரே சொல்லில் மனைவியும் மலரும் வருகின்றனர். வைரமுத்து அந்த இரட்டுறலின்மேல் பாடலைக் கட்டினார். இந்தியில் அந்தப் பூவுக்குப் பெயர் 'குலாப்'. ரோஜா என்பது அவர்கள் செவிக்கு வெறும் ஆட்பெயர். போதாக்குறைக்கு நோன்பைக் குறிக்கும் 'ரோசா' என்ற சொல்லின் சாயலும் அதில் உண்டு. பி. கே. மிஸ்ரா எழுதிய இந்திப் பாடலில் பெயர் அப்படியே நின்றது, பூ உதிர்ந்துவிட்டது. எஸ். பி. பாலசுப்பிரமணியம் இரு மொழிகளிலும் அதே உருக்கத்தோடுதான் பாடினார். ரகுமானின் மெட்டும் அதேதான். வடநாட்டில் வென்றது மெட்டும் குரலும். இதைக் கொண்டு சொல் தேவையில்லை என்று முடிப்பது, கால் ஊனமுற்றவர் ஊர்போய்ச் சேர்ந்தார், ஆகவே நடப்பதற்குக் கால் தேவையில்லை என்பது போன்றது.

ஆறே ஆண்டுகளில் அதே இயக்குநர், அதே இசையமைப்பாளர் வழியாகவே எதிர்ச்சான்றும் வந்தது. 1998இல் 'தில் சே' படத்துக்குக் குல்சார் எழுதிய இரயில் பாடலில் திரும்பத் திரும்ப வரும் சொல் நிழலைக் குறிப்பது. தமிழில் 'உயிரே' ஆனபோது வைரமுத்து நிழலை மொழிபெயர்க்கவில்லை. அந்த ஒலிக்குப் பக்கத்திலிருந்த 'தைய' என்னும் நம் ஆடற்சொல்லை எடுத்து அமர்த்தினார். நிழல் போயிற்று, சதங்கை வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், குல்சாரின் பாடலுக்கு மூலமே பஞ்சாபிச் சூபிக் கவிஞர் புல்லே ஷாவின் பெயரால் வழங்கும் பாடல். அதில் காதல் தன்னை ஆடவைப்பதைச் சொல்லும் இடத்தில் வருவதும் இதே 'தைய' ஒலிதான். இந்தி விட்டு விலகிய ஆடலைத் தமிழ் தன் சொந்தச் சதிச்சொல்லின் வழியாக மீட்டுவிட்டது. திட்டமிட்டோ தற்செயலாகவோ, மொழி தன் வேலையைச் செய்திருக்கிறது. மொழியற்ற இசை இதைச் செய்திருக்குமா?

இன்றைய நிலைக்கு வருவோம். இப்போது பாடல்கள் ஒரு மொழியில் வென்றபின் மறுமொழிக்குப் போவதில்லை. ஒரே நேரத்தில் ஐந்து மொழிகளில் பிறக்கின்றன. 2021இல் வந்த 'புஷ்பா' படத்தின் 'ஸ்ரீவள்ளி' பாடலை எடுத்துக்கொள்வோம். தேவி ஸ்ரீ பிரசாத் இசை. தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பாடியவர் சித் ஸ்ரீராம்; இந்தியில் ஜாவேத் அலி. தெலுங்கில் எழுதியவர் சந்திரபோஸ், தமிழில் விவேகா, இந்தியில் ரகீப் ஆலம். அதில் நாயகியின் பார்வைக்கு ஓர் உவமை வருகிறது. தெலுங்கில் அது பொன். இந்தியில் முகலாயர் காலத்துப் பொற்காசாகிய 'அஷர்ஃபி'. தமிழில் அது கற்பூரச் சுடர்.

பொன்னும் பொற்காசும் கைமாறுபவை. செம்மரம் கடத்திச் செல்வம் சேர்க்கும் நாயகன் தன் காதலியின் பார்வையைப் பொன்னாகக் காண்பது அவன் பாத்திரத்துக்குப் பொருத்தமே. இந்தி அந்தப் பொன்னை நாணயமாக அச்சடித்துவிட்டது. தமிழ் மட்டும் கடைத்தெருவைவிட்டுக் கருவறைக்குப் போனது. கற்பூரத்துக்கு விலையில்லை, எரிந்தபின் மிச்சமுமில்லை. வள்ளி என்ற பெயர் தமிழில் தினைப்புனத்தையும் முருகனையும் கூடவே அழைத்துவரும் பெயர். அப்பெயருக்கு முன் பொற்காசை வைக்க விவேகாவுக்கு மனம் வரவில்லை போலும். கதைக்குப் பொன் பொருத்தமா, பெயருக்குக் கற்பூரம் பொருத்தமா என்று நாம் வாதிடலாம். கடத்தல்காரனைப் பக்தனாக்கித் தமிழ்ப்பாடல் அவன் கறையைக் கழுவிவிட்டது என்றுகூட ஒருவர் குற்றஞ்சாட்டலாம். அது நல்ல வாதம்; நடந்திருக்க வேண்டிய வாதம். நடந்ததா? பாடலில் நாயகன் காலை இழுத்து ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஊரே பேசியது. பொன் எப்படிக் கற்பூரமாயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

இதே 2021இல் இலங்கையின் யொஹானி பாடிய ஒரு சிங்களக் காதற்பாடல் தமிழ்நாட்டிலும் தீயாய்ப் பரவியது. அதற்கு முந்தைய ஆண்டு சதீஷன் ரத்நாயக்க பாடிய பாடல் அது. அடுத்த ஆண்டு இந்திப் படமொன்றிலும் ஏறியது. தமிழ், மலையாளம், வங்காளம் என அதற்குப் பிறந்த மறுவடிவங்கள் பல. அப்போதும் 'இசைக்கு மொழியில்லை' என்றனர். 1956இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்திலிருந்து அந்தத் தீவில் என்னென்ன விளைந்தன என்று அறிந்தவர் இத்தொடரை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார். அந்தப் பாடலின் முதற்சொல் பெண்ணை அன்போடு விளிப்பது. அதன் வேரில் இருப்பது 'மணி'. நாம் கண்மணி என்கிறோமே, அந்த மணிதான். இலட்சக்கணக்கான தமிழர் அச்சொல்லை முணுமுணுத்தனர். அது தம் வீட்டுச் சொல்லின் உறவு என்று அறிந்தவர் எத்தனை பேர்? அறிந்திருந்தால் அப்பாடல் நமக்குச் செய்திருக்கக்கூடிய நன்மை இன்னும் பெரிது. மொழியில்லை என்று சொல்லிக் கடந்ததால், இரண்டு மொழிகள் ஒரு நொடி கைகோத்த இடத்தை நாம் பார்க்காமலே போனோம்.

இவையெல்லாம் ஏட்டுச் சண்டை, இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்போர்க்காகவே இனிக் காட்டுப்பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் இடையே, ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொற்றலையாற்றின் கழிமுகமுமாகக் கிடக்கும் மணல்நிலம் அது. நெய்தல் திணைக்கு இன்னும் எஞ்சியிருக்கும் சில இடங்களுள் ஒன்று. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதன்பின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. வடக்கே கும்மிடிப்பூண்டிவரை ஆலைகள். இப்பகுதியில் வீட்டில் தெலுங்கும் வகுப்பில் தமிழும் பேசும் பிள்ளைகள் நமக்கு மாணவராய் வாய்க்கின்றனர். ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம் என்று பல மாநிலத் தொழிலாளர் வேலை செய்கின்றனர். தேநீர்க்கடைப் பெஞ்சில் ஒரே மாலையில் 'ஸ்ரீவள்ளி'யை மூன்று மொழிகளில் மூன்று கைப்பேசிகளில் கேட்கலாம். இதைக் கண்டு 'ஆகா, இசைக்கு மொழியில்லை' என்று புல்லரிப்போர் உண்டு.

2025 செப்டம்பர் தொடக்கத்தில் இதே காட்டுப்பள்ளியில் வடமாநிலத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். அதையொட்டி எழுந்த போராட்டமும், கல்வீச்சும், காவல்துறையினரோடு நேர்ந்த மோதலும், கைதுகளும் செய்திகளாயின. ஒரே மெட்டுக்குத் தலையசைத்த இரு தரப்பினர்க்கும் அன்று தேவைப்பட்டது மெட்டன்று. இறந்தவன் யார், அவன் குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்கவும் விடைசொல்லவும் ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டது. ஒரு பாடலால் அந்நாளின் மோதல் நின்றிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு அப்பாவித்தனம் நமக்கில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் மொழியில் ஒரு சொல்லையும் அறிய வேண்டியதில்லை என்னும் மனநிலைக்கு 'இசைக்கு மொழியில்லை' என்பது அழகான மேற்பூச்சு. அவன் பாடலில் காதலியின் பார்வை ஏன் பொற்காசாயிற்று, நம் பாடலில் அது ஏன் கற்பூரமாயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்பவனுக்கு, அவன் ஊர் எது, கூலி எவ்வளவு, யாரை விட்டு வந்தான் என்ற அடுத்த கேள்விகளைக் கேட்பது அத்துணை கடினமன்று.

இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. பெருந்தொழிலின் வாயிலில் நிறுவனத்தின் பெயர் பெரிதாய் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் எங்கும் இராது. பாடல் தொழிலிலும் இதுவே நடைமுறையாகி வருகிறது. இசையமைப்பாளர், நடிகர், பாடகர் பெயர்கள் திரையில் ஒளிர்கின்றன. இரண்டாம் மொழியின் பாடலாசிரியர் பெயரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. முன்பு திரையரங்க வாயிலில் விற்ற மலிவுவிலைப் பாட்டுப் புத்தகத்திலேனும் அவர் பெயர் அச்சாகி வந்தது. இனி அதற்கும் ஆபத்து. மறைந்த பாடகர் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024இல் 'லால் சலாம்' பாடலுக்காகச் செயற்கை நுண்ணறிவு மீட்டுத் தந்தது. குடும்பத்தார் ஒப்புதலோடு, ஊதியம் கொடுத்தே அது நடந்தது. குரலுக்குக் கேட்ட அந்த ஒப்புதலைச் சொல்லுக்கு யாரிடம் கேட்பார்கள்? ஐந்து மொழிக்கும் எந்திரமே சொல் நிரப்பும் நாள் தொலைவில் இல்லை. எந்திரம் 'சந்தமாமா'வை எப்படித் தமிழாக்கும்? மாமனை விட்டுத் தோழியிடம் போக அதற்கு ஒரு காரணமும் இராது. அன்று அதைத் தட்டிக்கேட்க வேண்டியவர் நாம். ஆனால் சொல் முக்கியமில்லை என்று ஐம்பது முறை சொல்லிவிட்ட வாயால் எப்படித் தட்டிக்கேட்பது?

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒரு பாடல் எம்மொழியில் ஒலித்தாலும் அம்மொழியின் பாடலாசிரியர் பெயரை மெட்டமைத்தவர் பெயருக்குச் சமமாகக் குறிப்பிட வேண்டும்; குறிப்பிடாத நிறுவனங்களை இரசிகர்கள் கேட்க வேண்டும். தமிழ்த்துறைகளின் மொழிபெயர்ப்பியல் தாளில் இப்பாடல்களுக்கு இடம் வேண்டும். தெலுங்கு அறிந்த மாணவர் நிறைந்த வடதமிழகக் கல்லூரிகளில் பிங்களியையும் ராமையாதாசையும் அருகருகே வைத்துப் படிக்க வேறெங்கும் இல்லாத வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது நம் போன்ற இலக்கிய வாசகர்க்கு. திரைப்பாடலை இகழ்வதானாலும் படித்துவிட்டு இகழுங்கள். புகழ்வதானாலும் சொல்லைக் கேட்டுவிட்டுப் புகழுங்கள்.

முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்த தொல்காப்பியர்க்குக் காதல் எல்லார்க்கும் பொது என்பது தெரியாததன்று. பொதுவான காதலை நிலத்தோடும் பொழுதோடும் சேர்த்தே பாட்டாக்க முடியும் என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தது. மெட்டு எந்நாட்டிலிருந்தும் வரட்டும்; வாயிலைத் திறந்து வைப்போம். ஆனால் அது நம் மண்ணில் கால் வைக்கும்போது அதற்கு நிலமும் பொழுதும் கொடுப்பவர் ஒருவர் உண்டு. இசைக்கு மொழியில்லை என்று இனி எவரேனும் சொன்னால், இந்தப் பாட்டைத் தமிழில் எழுதியவர் யார் என்று மட்டும் கேளுங்கள்.